ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்களை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி? – திருப்பூர் சிஸ்டம்காரன் ஒருவனின் செய்முறை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், சர்வர் எல்லாம் என் பொறுப்பு. ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறோம். ஆனாலும் ஒரு ஆர்டர் கட்டிங்கில் இருக்கிறதா, பிரிண்டிங்குக்குப் போய்விட்டதா என்று தெரிய வேண்டுமென்றால், முதலாளி முதல் செக்கிங் சூப்பர்வைசர் வரை எல்லோரும் திறப்பது வாட்ஸ்ஆப்பைத்தான். பையர் (நம்மிடம் ஆர்டர் கொடுக்கிற வாடிக்கையாளர்) அனுப்பிய அடுத்த சீசன் டெக் பேக் (உடையின் டிசைன், அளவு விவரம்), காஸ்டிங் ஷீட் (ஒரு பீஸுக்கு ஆகிற செலவுக் கணக்கு), புதிதாகச் சேர்ந்த தொழிலாளியின் ஆதார், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல், ஈ-வே பில் போட வந்த ஓ.டி.பி. என்று எல்லாமே அதற்குள் ஓடுகிறது.

இதைத் தடை செய்து சுற்றறிக்கை விடலாம். விட்ட கம்பெனிகளும் உண்டு. மறுநாளே “ஆபீஸ் 2” என்று இன்னொரு குரூப் முளைக்கும், அதில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். வேலை நடக்கிற இடத்தை மூடுவதைவிட, அங்கே எந்தக் குரூப் யாருடைய பொறுப்பு என்று ஒரு கணக்கு எழுதுவதுதான் நடக்கிற காரியம். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். 50 பேர் ஆபீஸுக்கும் பொருந்தும், 500 பேர் ஃபேக்டரிக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். “வாட்ஸ்ஆப்பில்தான் என்கிரிப்ஷன் இருக்கிறதே, அப்புறம் என்ன?” என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது, உண்மைதான். 2016 ஏப்ரலில் இருந்தே எல்லாச் செய்திகளுக்கும் இருக்கிறது. அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் நடுவே யாரும் படிக்க முடியாது. ஆனால் பெறுபவர்களில் ஒருவர் போன மாதமே வேலையை விட்டுப் போனவராக இருந்தால், அவருக்கும் அதே செய்தி பத்திரமாகப் போய்ச் சேரும். பூட்டு நல்ல பூட்டுதான், சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

ஸ்காட்லாந்தில் என்.எச்.எஸ். லனார்க்‌ஷயர் என்ற அரசு மருத்துவ அமைப்பில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். கொரோனா காலத்தில் ஊழியர்கள் 26 பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குரூப் வைத்திருந்தார்கள். 2020 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரை நோயாளிகளின் பெயர், போன் நம்பர், முகவரி என்று 500 தடவைக்கு மேல் அதில் போயிருக்கிறது. நடுவில் ஊழியரே அல்லாத ஒருவரைத் தவறுதலாகச் சேர்த்தும் விட்டார்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023-ல் அந்த அமைப்பைக் கண்டித்தது. யாரும் ஹேக் செய்யவில்லை. நிர்வாகத்துக்குத் தெரியாமல், எந்த விதியும் இல்லாமல், ஒரு குரூப் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கெடுப்பு

ஒரு எக்செல் ஷீட் திறங்கள். குரூப்பின் பெயர், எதற்காக, அட்மின் யார், கம்பெனிக்கு வெளி ஆள் யார் யார், என்னவெல்லாம் போடுகிறார்கள், எப்போது மூடலாம். இந்த ஆறு நெடுவரிசை (column) போதும். யாருடைய போனையும் வாங்கிப் பார்க்காதீர்கள். அது அவரவர் சொந்த போன், பார்க்க நமக்கு உரிமை இல்லை. கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டாக டீ நேரத்தில் போய் உட்கார்ந்து, “உங்க போன்ல கம்பெனி குரூப் என்னென்ன இருக்கு, பேரை மட்டும் படிங்க” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் படித்துக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் நின்றார்.

“இது பழைய மேனேஜர் ஆரம்பிச்சதுங்க தம்பி. அவரு போயி ரெண்டு வருஷமாச்சு.”

“அவர் இன்னும் அதுல இருக்காருங்களா மாஸ்டர்?”

“இருக்காரே. பொங்கலுக்கு வாழ்த்துகூடப் போட்டாரு.”

அந்தக் குரூப்பில் தினமும் மாலை கட்டிங் அளவும் ஃபேப்ரிக் இருப்பும் போய்க்கொண்டிருந்தன. பழைய மேனேஜர் இப்போது வேலை செய்வது இதே ஊரில் இன்னொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில். அவர் எதையும் தவறாகப் பயன்படுத்தியதாக நான் சொல்லவில்லை. அவரை நீக்க வேண்டும் என்பது யாருடைய வேலையாகவும் இல்லை, அதுதான் ஓட்டை.

கணக்கெடுப்பில் எந்தக் கம்பெனியிலும் மூன்று வகைக் குரூப்கள் கட்டாயம் தட்டுப்படும். ஷிப்மென்ட் முடிந்து மாதக்கணக்கான பிறகும் உயிரோடு இருப்பவை, அட்மின் யாரென்றே தெரியாதவை, அப்புறம் வெளி ஆளும் உள் ஆளும் கலந்தவை. மூன்றாவதுதான் ஆபத்து. நாம் பிரிண்டிங், டையிங், எம்ப்ராய்டரி வேலையை ஜாப் ஒர்க்காக, அதாவது வெளியே கூலிக்குக் கொடுக்கிற யூனிட்காரர்கள் நம் குரூப்பில் இருப்பார்கள், வேலை அப்படித்தான் ஓடும். அவர்கள் இருப்பது மறந்துபோய் மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிறவர்) ஒருநாள் ஒரு பீஸுக்கு என்ன ரேட் என்ற ஷீட்டைப் போட்டுவிட்டால், அடுத்த தடவை ஜாப் ஒர்க் ரேட் பேசும்போது நம் கை கட்டப்பட்டிருக்கும். அதனால் வெளி ஆள் இருக்கிற குரூப்பின் பெயருக்கு முன்னால் “வெளி” என்று எழுதிவிடுங்கள். “வெளி – 4412 பிரிண்டிங்” என்பது மாதிரி. டைப் செய்கிறவர் கண்ணில் அந்தச் சொல் படும். நாங்கள் செய்ததிலேயே செலவில்லாததும் அதிகப் பலன் தந்ததும் இதுதான்.

குரூப் கம்பெனியுடையதாக இருக்கட்டும்

ஒரு குரூப்பின் அட்மின் உரிமை போன் நம்பரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருக்கிற ஒரே அட்மின் வெளியேறினால், வாட்ஸ்ஆப் உறுப்பினர்களில் யாரோ ஒருவரைத் தானாக அட்மினாக்கிவிடும். அது டையிங் யூனிட் டிரைவராகவும் இருக்கலாம். அதனால் கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கி, அந்த நம்பரை எல்லாக் குரூப்பிலும் அட்மினாகப் போடுங்கள். கூடவே அந்தந்த டிபார்ட்மென்ட்டில் ஒருவர். இரண்டு பேருக்கு மேல் அட்மின் வேண்டாம்.

அந்த நம்பரில் இரண்டு-படிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்க பின் நம்பரை (PIN) வையுங்கள். மீட்பு மின்னஞ்சலாகக் கம்பெனி மெயிலைக் கொடுங்கள். அந்த பின் நம்பரை எழுதி உறையில் போட்டு அக்கவுண்ட்ஸ் பீரோவில் வைத்தாலும் சரிதான், உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கக்கூடாது.

பிறகு ஒவ்வொரு குரூப்பின் அனுமதிகள் பகுதிக்குப் போங்கள். உறுப்பினர்கள் மற்றவரைச் சேர்க்கும் உரிமையை எடுத்துவிடுங்கள். புதியவர் வர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். அழைப்பு லிங்க் ஒன்று எப்போதோ யாரோ உருவாக்கி எங்கேயோ அனுப்பியிருப்பார்கள். அதை ரீசெட் செய்தால் பழைய லிங்க் செத்துவிடும். 2025-ல் வந்த மேம்பட்ட சாட் தனியுரிமை என்ற வசதியையும் போட்டுவிடலாம். அதைப் போட்டால் சாட்டை எக்ஸ்போர்ட் செய்ய முடியாது, படங்கள் தானாக போனில் இறங்காது. ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது, அதனால் அதையே நம்பி இருக்கவேண்டாம்.

ஆளைச் சேர்க்கும்போது பெயரைப் பார்க்காமல் நம்பரைப் பாருங்கள். நம் போனில் “குமார்” என்று எத்தனை பேர்! 2025 மார்ச்சில் அமெரிக்காவில் இதே கோளாறு உலகச் செய்தியானது. ஏமன் மீதான தாக்குதலைப் பற்றி அமைச்சர்களும் அதிகாரிகளும் சிக்னல் ஆப்பில் பேசிக்கொண்டிருந்த குரூப்பில், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்கைச் சேர்த்துவிட்டார். சிக்னலின் என்கிரிப்ஷன் கடைசிவரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

போனிலும் சிஸ்டத்திலும் பார்க்க வேண்டியவை

குரூப்பைச் சரிசெய்த பிறகும் படங்கள் வேறு வழியில் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்ஆப் படங்கள் கேலரிக்குள் வந்து விழும். கூகுள் போட்டோஸ் அந்த ஃபோல்டரையும் பேக்கப் எடுக்கும்படி வைத்திருந்தால் அவை கிளவுடுக்கும் போகும். வீட்டில் ஒரே ஜிமெயில் அக்கவுண்ட்டைக் கணவன், மனைவி, பையனின் டேப் எல்லாவற்றிலும் போட்டிருப்பார்கள். பையர் இன்னும் கடைக்கே அனுப்பாத குழந்தை உடை டிசைன், பையனின் டேபில் ஸ்கூல் படங்களுக்கு நடுவே இருக்கும். இதை நிறுத்த ஒரே ஒரு சுவிட்ச்: குரூப் தகவலுக்குள் ‘மீடியா விசிபிலிட்டி’, அதில் ‘இல்லை’. கம்பெனி குரூப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நீங்களே மெர்ச்சண்டைசிங் டிபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செய்யவைப்பதுதான் நல்லது. மெயில் அனுப்பினால் ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

சாட் பேக்கப்பும் அப்படித்தான். கூகுளுக்கோ ஐகிளவுடுக்கோ போகிற பேக்கப்புக்கு என்கிரிப்ஷன் தானாக வராது. 2021-ல் வந்த அந்த வசதியை செட்டிங்ஸில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய் நாமே போட வேண்டும். பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்ஆப்பே திறந்து தர முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரை மறக்காதீர்கள். பகல் ஷிஃப்ட்காரர் பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்ஆப் வெப் திறந்திருப்பார், மூடாமல் போய்விடுவார். இரவு ஷிஃப்ட்டில் அதே திரை. ஒரு அக்கவுண்ட்டோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போனையே 14 நாள் பயன்படுத்தாவிட்டால் அவை தானாக வெளியேறும், தினமும் பயன்படுத்துகிற போனில் அது நடக்கவே நடக்காது. திங்கட்கிழமை காலையில் ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ பட்டியலைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்றச் சொல்லுங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் பிரவுசரை மூடினாலே எல்லாம் அழிகிற மாதிரி நாமே செட் செய்துவிடலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

குரூப்பில் போடக்கூடாதவை, அவற்றுக்கு மாற்று வழி

“போடாதே” என்று மட்டும் சொன்னால் போடுவார்கள். “இங்கே போடு” என்று இடம் காட்ட வேண்டும்.

ஆதாரைப் பாருங்கள். ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ புது ஆட்கள் வருகிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்காக கான்ட்ராக்டர் இருபது பேரின் ஆதாரையும் பாஸ்புக்கையும் போட்டோ எடுத்து “எச்.ஆர். – ஜாயினிங்” குரூப்பில் தட்டிவிடுவார். அந்தக் குரூப்பில் ஹாஸ்டல் வார்டன், கேன்டீன்காரர், பஸ் டிரைவர் எல்லோரும் இருப்பார்கள். இதற்கு நாங்கள் வைத்த வழி: ஆள் எச்.ஆர். மேஜைக்கு வரும்போதே ஸ்கேன் செய்து, எச்.ஆர். மட்டும் திறக்கக்கூடிய சர்வர் ஃபோல்டரில் நேராகப் போட்டுவிடுவது. அவசரத்துக்கு வாட்ஸ்ஆப்தான் என்றால் எச்.ஆர். நம்பருக்குத் தனியாக அனுப்ப வேண்டும், அன்றைக்கே ஃபோல்டரில் ஏற்றிவிட்டு இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். ஹாஸ்டல், கேட் பாஸ் மாதிரி அடையாளம் காட்டினால் போதும் என்கிற இடங்களுக்கு மறைக்கப்பட்ட ஆதார் போதும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாதிரி இறக்கிக்கொள்ளலாம்.

சம்பளப் பட்டியல், மருத்துவச் சான்று, சிசிடிவி கிளிப், பாஸ்வேர்டு, காஸ்டிங் இவை எந்தக் குரூப்பிலும் வேண்டாம். காஸ்டிங் ஷீட்டுக்கு ஷேர்டு ஃபோல்டரின் லிங்க்கைப் போடுங்கள், ஃபைலைப் போடாதீர்கள். லிங்க்கை நாளைக்கு மூடலாம். போய்ச் சேர்ந்த ஃபைலைத் திரும்ப வாங்க வழியே இல்லை, ஆளைக் குரூப்பில் இருந்து நீக்கினாலும் அதுவரை வந்தது அவர் போனில் அப்படியே இருக்கும். ஓ.டி.பி.க்கு நான் செய்தது, ஜி.எஸ்.டி., ஈ-வே பில் பதிவு நம்பரையே அக்கவுண்ட்ஸ் மேஜையில் இருக்கிற கம்பெனி போனுக்கு மாற்றியது. முதலாளிக்கு வந்து, அவர் குரூப்பில் போட்டு, அதை யாரோ எடுக்கிற சுற்றே இல்லாமல் போய்விட்டது.

இதற்கெல்லாம் முதலாளியிடம் பேசும்போது சட்டமும் கையில் இருக்கட்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். தொழிலாளியின் ஆதாரும் பேங்க் நம்பரும் அதன்படி நாம் காக்க வேண்டிய தரவு. வேலை தொடர்பான தேவைக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சம்மதம் வாங்கத் தேவையில்லை என்று சட்டமே இடம் கொடுக்கிறது, அந்த விஷயத்தில் பயமுறுத்துகிற ஆலோசகர்களை நம்ப வேண்டாம். ஆனால் வாங்கியதைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம் அளவு கம்பெனிக்கு அத்தனை வரும் என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணைக் கேட்டதும் முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், அது போதும்.

எதை வைத்திருப்பது, எதை அழிப்பது

இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாதுகாப்பு என்றதும் 7 நாளில் மறையும் செய்திகளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பையரின் ஆள் “ஷேட் ஓகே, புரொசீட்” என்று போட்ட செய்தியும் மறைந்துவிடும். சரக்கு போன பிறகு கலர் சரியில்லை என்று தள்ளுபடி கேட்டால் நம்மிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவில் இதற்கே அபராதம் போட்டார்கள். பங்குச்சந்தை நிறுவனங்களின் ஊழியர்கள் சொந்த போனில் வாட்ஸ்ஆப் மாதிரி ஆப்களில் தொழில் பேசி, பதிவுகளைக் காக்கவில்லை என்று 2022 செப்டம்பரில் பங்குச்சந்தை ஆணையம் மட்டும் 110 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நமக்கு அந்த விதி இல்லை, ஆனால் பிரச்சினை அதேதான்.

எங்கள் விதி ஒரே வரி: வாட்ஸ்ஆப்பில் பேசலாம், முடிவு மெயிலில் இருக்க வேண்டும். அப்ரூவல், ரேட் மாற்றம், டெலிவரி தேதி மாற்றம் எது வந்தாலும் மெர்ச்சண்டைசர் அன்றைக்கே “இன்று பேசியபடி” என்று பையருக்கு இரண்டு வரி மெயில் போட வேண்டும். இன்வாய்ஸ் போன்றவை ஈ.ஆர்.பி.யில்தான் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது, எந்த மெர்ச்சண்டைசரின் போனும் அத்தனை நாள் தாங்காது. இப்படிப் பிரித்த பிறகு மறையும் செய்திகளைத் தாராளமாகப் போடுங்கள். நான் 90 நாள் வைக்கிறேன்.

வேறு ஆப்புக்கே மாறிவிடலாமா? ஜோஹோ கிளிக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஸ்லாக் எல்லாம் இதற்காகவே வந்தவை. அக்கவுண்ட் கம்பெனியுடையது, ஆள் போனதும் ஒரு கிளிக்கில் மூடலாம், எத்தனை நாள் வைப்பது என்று நிர்வாகமே முடிவு செய்யலாம். ஆபீஸ் ஸ்டாஃப் மட்டும் ஜோஹோ கிளிக்குக்கோ டீம்ஸுக்கோ போவது நல்லது என்பது என் கருத்து. தையல் லைனையும் ஜாப் ஒர்க்காரர்களையும் இழுக்காதீர்கள், வர மாட்டார்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தையது தெரியாது என்பதைக் கவனியுங்கள். மாறிவிட்டால் மட்டும் நிம்மதி என்றும் நினைக்காதீர்கள். 2021-ல் இ.ஏ. என்ற வீடியோ கேம் கம்பெனிக்குள் நுழைந்தவர்கள், திருடி விற்கப்பட்ட குக்கீயை, அதாவது பிரவுசரில் சேமித்திருக்கிற லாகின் அடையாளத்தை, பத்து டாலருக்கு வாங்கி ஸ்லாக்கில் புகுந்து, “பார்ட்டியில் போனைத் தொலைத்துவிட்டேன்” என்று ஐ.டி. ஆளிடம் சொல்லியே உள்ளே போனார்கள். அதனால் உங்களிடம் யார் பாஸ்வேர்டு ரீசெட் கேட்டாலும், பதிவில் இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் குரலைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆள் போகும்போதும், தவறு நடக்கும்போதும்

ரிலீவிங் ஃபார்மில் ஒரு வரி சேருங்கள்: “எல்லாக் கம்பெனி குரூப்களில் இருந்தும் நீக்கப்பட்டார் – சிஸ்டம் கையெழுத்து.” இந்தக் கையெழுத்து இல்லாமல் அக்கவுண்ட்ஸ் செட்டில்மென்ட் போடக்கூடாது. உங்கள் எக்செல் ஷீட் இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. கம்பெனி சிம்மையும், மெயில், ஈ.ஆர்.பி. அக்கவுண்ட்டையும் அதே மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அவருடைய சொந்த போனில் இருப்பதை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், பிடுங்கி அழிக்க முடியாது.

தவறான குரூப்பில் தவறான ஃபைல் போனால், அனுப்பியவர் உடனே ‘எல்லோருக்கும் அழி’ போட வேண்டும். இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அது வேலை செய்யும். அழித்த கையோடு உங்களுக்கு போன் செய்ய வேண்டும். போன் செய்தவரைத் திட்டாதீர்கள். ஒருதடவை திட்டிவிட்டால் அடுத்தவர் சொல்லவே மாட்டார். அக்கவுண்ட் திருட்டு, தரவுக் கசிவு போன்ற பெரிய சம்பவம் என்றால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கு (CERT-In) 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் இருந்து உத்தரவு இருக்கிறது. பையரோடு போட்ட ரகசிய ஒப்பந்தத்திலும் கெடு இருக்கும், முன்கூட்டியே படித்து ஷீட்டின் மேலே எழுதிவையுங்கள்.

எங்கள் குரூப் விவரத்தில் இப்படி எழுதியிருக்கிறோம், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

“இது ஆர்டர் எண் ___ புரொடக்‌ஷன் குரூப். பொறுப்பு: ___. ஆதார், பேங்க், சம்பளம், ரேட், ஓ.டி.பி. இங்கே போட வேண்டாம். தவறிப் போட்டால் அழித்துவிட்டு சிஸ்டம் நம்பருக்குச் சொல்லுங்கள். ஷிப்மென்ட் முடிந்து 30 நாளில் இந்தக் குரூப் மூடப்படும்.”

தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதையே ஹிந்தியில் ஒரு வாய்ஸ் மெசேஜாகப் போட்டு, குரூப்பின் மேலே நிற்கும்படி பின் (pin) செய்திருக்கிறோம். அந்த 30 நாள் முடிந்ததும் முதலில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றுங்கள். மேம்பட்ட சாட் தனியுரிமையை எடுத்துவிட்டு (இல்லையென்றால் எக்ஸ்போர்ட் ஆகாது) சாட்டை எக்ஸ்போர்ட் செய்து ஆர்டர் ஃபோல்டரில் போடுங்கள். மறையும் செய்திகள் வைத்திருந்தால் 90 நாளுக்கு முந்தையது அதில் வராது, அதற்குத்தான் மெயில் விதி. பிறகு ஒவ்வொருவராக நீக்கி, கடைசியாகக் கம்பெனி நம்பரும் வெளியேறி, ஷீட்டில் அந்த வரிக்கு நேரே தேதியைப் போட்டுவிடுங்கள்.